சூரன் போர் முடிந்தால் வீட்டுக்குப் போகலாம்

வணக்கம் ஐயா,

போரால் யாழ்ப்பாணத்துச் சனம் ஊரைவிட்டு வெளிக்கிட்ட 1995 இடப்பெயர்வை ஏழு வயதுப் பொடியன் ஒருவனின் கண்ணால் சிறுகதையாக எழுதினேன். குண்டு போடுகிற விமானமான பொம்பரை அவன் சூரன் போல என்கிறான். பௌர்ணமி நிலவில் நாவற்குழிப் பாலத்தைக் கடக்கிறார்கள். கடைசியில் அம்மம்மா அவனுக்குப் போரை விளங்கப்படுத்துகிறா. வாசித்தவர்கள் “பெரிய ஆக்கள் கதைக்கிற மாதிரி இருக்கு” என்கிறார்கள். எங்கே பிழை?

ஒரு வாசகி, கோண்டாவில்

அன்புள்ள தங்கைக்கு,

அந்தப் “போல”தான் முதற்பிழை. பிள்ளை ஒப்பிடாது, நம்பும். அவன் நம்பினால் கோயிலில் கண்ட சூரனின் நடப்பெல்லாம் பொம்பருக்கும் இருக்கவேண்டும். சூரன் போரில் யானைமுகத்தைக் கழற்றிச் சிங்கமுகம் பூட்டுவார்கள், பிறகு சூரனின் சொந்த முகம், பிறகு மாமரம். வேல் பட்டதும் சனம் வீட்டுக்குத் திரும்பிவிடும். எத்தனை தலை மாறினாலும் முடிவில் வீடு உண்டு: அவனுக்குத் தெரிந்த விதி இது. அதை முதல் இரண்டு பத்திக்குள் வைத்துவிடுங்கள். நடுவில் ஒருதரம் அது பலிக்கவும் வேண்டும். பொம்பர் போனதும் பங்கரை விட்டு ஏறி எல்லோரும் வீட்டுக்குள் போகிறார்கள். சூரன் தலை மாற்றப் போயிட்டான் என்று அவன் தங்கச்சிக்குச் சொல்லட்டும். ஒருதரமும் பலிக்காத விதி பாலத்தில் உடைந்தால் வாசகருக்கு ஒன்றும் உடையாது. இந்த வகைக் கதைகள் பெரும்பாலும் விழுவது இங்கேதான்.

பௌர்ணமியை எடுத்துவிடுங்கள். அந்த வருடம் ஒக்டோபர் 24 அமாவாசை. அன்று சூரிய கிரகணம், யாழ்ப்பாணத்தில் பகுதிக் கிரகணம். அதையடுத்துக் கந்தசஷ்டி. யாழ்ப்பாணத்து வலிகாமம் பகுதிச் சனம் வெளிக்கிட்டது 30ஆம் திகதி. அன்று அரைநிலாதான், நள்ளிரவோடு படும், மழை வேறு. பாம்பு சூரியனை விழுங்கியதும் சூரன் வந்ததும் ஒரே கிழமைக்குள் நடந்திருக்க, இல்லாத நிலவு எதற்கு?

ஏழு வயதுப் பிள்ளை நாலடி உயரமும் இராது. அந்தச் சன நெரிசலில் அவனுக்குப் பாலம் தெரியாது. சைக்கிள் கரியர், உரப்பை, முன்னால் போகிறவரின் முதுகு, இவ்வளவுதான். உப்புத்தண்ணி மணந்தபோதுதான் பாலம் வந்தது தெரியும். “இராணுவ நடவடிக்கை” அவன் வாயில் வராது. அவன் காதில் விழுந்தது “வெளிக்கிடுங்கோ” மட்டும்.

அம்மம்மாவின் விளக்கத்தை முழுதாக வெட்டுங்கள். சூரன் போர் முடிஞ்சுதா, வீட்ட போவமா என்று அவன் கேட்கட்டும். சாவகச்சேரியில் யார் வீட்டில் இடம் கேட்கலாம் என்ற யோசனையில் இருக்கிற கிழவி, செருப்பைக் கழற்றிக் கையில் பிடி என்றுதான் சொல்லுவா.