ஆணுக்கு அறுவை, பெண்ணுக்கு என்ன பலன்?

கேள்வி: ஆண்களுக்கு முன்தோல் நீக்கினால் பெண்களுக்கும் எச்ஐவி குறையும் என்கிறார்களே, எப்படி? – செவிலியர் கல்லூரி மாணவி

பதில்: சுற்று வழியில், மகளே. தென்னாப்பிரிக்காவின் ஆரஞ்சு ஃபார்ம், கென்யாவின் கிசுமு, உகாண்டாவின் ராக்காய் என மூன்று இடங்களில் நடந்த சோதனைகளில், பெண்ணிடமிருந்து ஆணுக்குத் தொற்றுவது ஏறத்தாழ 60 சதவீதம் குறைந்தது. தொற்றுள்ள ஆண்கள் குறையக் குறைய, அவர்களால் தொற்றுக்கு ஆளாகும் பெண்களும் குறைவார்கள்.

கேள்வி: இதைக் கணக்காகக் காட்ட முடியுமா, ஐயா? – கணித ஆசிரியர்

பதில்: ஒரு தாள் போதும். 80 சதவீத ஆண்கள் செய்துகொண்டால் 0.8 × 0.6 = 0.48 அடைபடும், பெண்–ஆண் பாதையில் 0.52 மிஞ்சும். ஆண்–பெண் பாதை அப்படியே இருக்கிறது. வைரஸ் இரு பாதைகளிலும் மாறி மாறிப் போவதால், ஒருவரிடமிருந்து எத்தனை பேருக்குப் பரவும் என்னும் பெருக்க எண் என்பது இரண்டின் பெருக்கற் சராசரி, அதாவது இரண்டையும் பெருக்கி எடுத்த வர்க்கமூலம். ஆகவே அது √0.52, அதாவது 0.72 மடங்காகும். ஒருவரிடமிருந்து 1.3 பேருக்குப் பரவிய ஊரில் 0.94 ஆகிவிடும், ஒன்றுக்குக் கீழே வந்தால் பரவல் தேயும். ஆனால் 2 என்றிருந்த ஊரில் 1.44தான், அங்கே இது மட்டும் போதாது. எல்லோரும் ஒரே மாதிரி பழகுவதாக வைத்துக்கொண்ட கணக்கு இது. அப்படி ஒரு ஊர் எங்கும் இல்லை என்பது வேறு விஷயம்.

கேள்வி: கணவருக்கு ஏற்கெனவே எச்ஐவி இருக்கிறது. அவர் செய்துகொண்டால் மனைவிக்குப் பாதுகாப்பா? – பெயர் வேண்டாம்

பதில்: இல்லை, அம்மா. ராக்காயில் இதையே தனியாகச் சோதித்து 2009இல் முடிவு வெளியிட்டார்கள். அறுவை செய்துகொண்டவர்களின் துணைவியரில் 18 சதவீதம் பேருக்கும், செய்யாதவர்களின் துணைவியரில் 12 சதவீதம் பேருக்கும் தொற்று வந்தது. இந்த வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம். ஆனால் பலன் எதுவும் தெரியாததால் சோதனையைப் பாதியில் நிறுத்தினார்கள். புண் ஆறுமுன் சேர்ந்ததுதான் கூடுதல் ஆபத்தாகத் தெரிந்தது. கணவர் எச்ஐவியைக் கட்டுப்படுத்தும் ஏஆர்டி மாத்திரையை விடாமல் சாப்பிட்டு, பரிசோதனையில் தெரியாத அளவுக்கு வைரஸ் இறங்கி, அப்படியே நீடித்தால் உடலுறவு வழியாகத் தொற்றாது. அரசு ஏஆர்டி மையத்தில் மாத்திரை இலவசம்.

கேள்வி: 'செய்தாகிவிட்டது' என்று ஆணுறையை விட்டுவிட்டால்?

பதில்: இரு பாதைகளிலும் பரவல் 1.39 மடங்கானாலே போதும்: 0.72 × 1.39 = 1. கிடைத்த பலன் முழுவதும் போய்விடும். அப்போதும் அறுவை செய்துகொண்ட ஆணுக்கு 0.4 × 1.39 = 0.56, அதாவது 44 சதவீதக் காப்பாவது மிஞ்சும். பெண்ணுக்கு எதிரே இருப்பது முழு 1.39. ஊர்ச் சராசரியை மட்டும் பார்க்கிறவர்களுக்கு இது கண்ணில் படாது.

கேள்வி: நேரடிப் பலன் ஒன்றுகூட இல்லையா?

பதில்: உண்டு, வேறு வைரஸில். எச்ஐவி இல்லாத ராக்காய் தம்பதியரிடம், கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான எச்பிவி வகைகள் மனைவியரிடையே 28 சதவீதம் குறைந்தன.