"வேலையை விட்டுவிடு என்று கர்த்தர் சொல்கிறார்" என்றால் உடனே விட்டுவிட வேண்டுமா?

கேள்வி: ஜெபக்கூட்டத்துக்கு வெளியூரிலிருந்து வந்த ஊழியர் ஒருவர் என் தலையில் கைவைத்து, "வேலையை விட்டுவிடு, கர்த்தர் உன்னை முழுநேர ஊழியத்துக்கு அழைக்கிறார்" என்றார். இது உண்மையிலேயே தேவனுடைய நடத்துதலா என்று எப்படித் தெரிந்துகொள்வது? சந்தேகப்பட்டால் பாவமாகிவிடுமோ என்றும் பயமாக இருக்கிறது.

பதில்: இப்போதைக்கு வேலையை விடாதீர்கள். மீதியை நிதானமாகப் பேசலாம்.

முதலில் அந்தப் பயத்தைப் பார்ப்போம். தீர்க்கதரிசனங்களை அற்பமாக எண்ணாதீர்கள் என்று தெசலோனிக்கேயருக்கு எழுதிய பவுல், அடுத்த வசனத்திலேயே "எல்லாவற்றையும் சோதித்துப்பார்த்து, நலமானதைப் பிடித்துக்கொள்ளுங்கள்" என்கிறார். கொரிந்து சபைக்கும் அதேதான்: தீர்க்கதரிசிகள் இரண்டு மூன்று பேர் பேசட்டும், மற்றவர்கள் நிதானிக்கட்டும், அதாவது எடைபோட்டுப் பார்க்கட்டும் (1 கொரி 14:29). ஆக, பேசுவதற்கு அனுமதி கொடுத்த அதே வாயால் சோதிக்கிற வேலையையும் கேட்பவர்களிடம் கொடுத்துவிட்டார். "அபிஷேகம் பண்ணப்பட்டவரைத் தொடாதே" என்று யாராவது உங்களை மிரட்டினால் சங்கீதம் 105-ஐத் திறந்து காட்டுங்கள்; அங்கே பேச்சு ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு குடும்பம் ஊர் ஊராக அலைந்தபோது ராஜாக்கள் அவர்களுக்குத் தீங்கு செய்யாதபடி தேவன் காப்பாற்றியதைப் பற்றியது. ஊழியரிடம் கேள்வி கேட்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

உங்கள் நிலைமைக்கு நேராகப் பொருந்துகிற அதிகாரம் 1 இராஜாக்கள் 13. ஏனோ இதைப் பிரசங்கத்தில் அதிகம் கேட்க முடிவதில்லை. யூதாவிலிருந்து ஒரு தேவமனுஷன் பெத்தேலுக்கு வந்து இஸ்ரவேலின் ராஜா யெரொபெயாமின் பலிபீடத்துக்கு விரோதமாகப் பேசுகிறான். அவனைப் பிடிக்கச் சொல்லி ராஜா நீட்டிய கை மரத்துப்போகிறது, அப்புறம் இவன் ஜெபித்ததும் சுகமாகிறது. வீட்டுக்கு வா, வெகுமதி தருகிறேன் என்கிறான் ராஜா. உம்முடைய வீட்டில் பாதியைக் கொடுத்தாலும் வரமாட்டேன் என்று இவன் கறாராகச் சொல்லிவிடுகிறான், ஏனென்றால் அங்கே அப்பம் சாப்பிடக்கூடாது, தண்ணீர் குடிக்கக்கூடாது, போன வழியே திரும்பக்கூடாது என்பது அவனுக்கு நேரடியாகக் கிடைத்த கட்டளை. அதுவரை எல்லாம் சரி. பிறகு உள்ளூரில் இருந்த வயதான தீர்க்கதரிசி ஒருவர் கழுதையில் ஏறிப் பின்னாலேயே போய், நானும் உம்மைப்போல தீர்க்கதரிசிதான், உம்மைத் திரும்பக் கூட்டிவரும்படி ஒரு தூதன் கர்த்தருடைய வார்த்தையாக என்னிடம் சொன்னான் என்கிறார். அது பொய் என்று வேதமே சொல்லிவிடுகிறது. ஏன் பொய் சொன்னார் என்று மட்டும் சொல்லவில்லை. இவன் நம்பிப் போய்ச் சாப்பிடுகிறான், திரும்பும் வழியில் சிங்கம் அடித்துச் சாகிறான்.

ராஜாவின் பணத்துக்கு மசியாதவன் மூத்த ஊழியரின் "கர்த்தர் சொன்னார்" என்ற ஒரு வார்த்தைக்கு மசிந்துவிட்டான். எதிரியிடமிருந்து வருவதை நாமே சந்தேகப்படுவோம், ஆனால் நம் பாஷையிலேயே பேசிக்கொண்டு வருபவரிடம் அந்தச் சந்தேகம் எழுவதே இல்லை. இன்னொன்றையும் கவனியுங்கள்: அந்தச் சாப்பாட்டு மேசையிலேயே, பொய் சொன்ன அதே கிழவரின் வாயிலிருந்து உண்மையான தேவவார்த்தை வருகிறது, அது அப்படியே பலிக்கவும் செய்கிறது. அதனால் "போன வருஷம் அவர் சொன்னது அப்படியே நடந்தது, இதுவும் நடக்கும்" என்கிற வாதம் எனக்கு எடுபடாது. உபாகமம் 13 இன்னும் ஒரு படி மேலே போய், அடையாளம் பலித்தாலும்கூட வேறு தேவர்களிடம் இழுக்கிறவனுக்குச் செவிகொடுக்காதே என்கிறது.

பலிக்காமல் போனால் என்ன நடக்கிறது என்பதற்கு 2011 நல்ல உதாரணம். கலிபோர்னியாவில் வானொலிப் பிரசங்கம் செய்துவந்த ஹெரால்ட் கேம்பிங், மே 21 அன்று நியாயத்தீர்ப்பு என்று அறிவித்தார். சேமிப்பைக் கொட்டி விளம்பரம் வைத்தவர்கள் இருந்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. ஆவிக்குரிய விதத்தில் நடந்துவிட்டது, முடிவு அக்டோபர் 21-ல் என்று தேதியைத் தள்ளிவைத்தார். (1994-க்கும் ஏற்கெனவே ஒரு முறை சொல்லியிருந்தார்.) நம்மிடத்தில் விளக்கம் இன்னும் சுலபம், "உங்களுக்கு விசுவாசம் போதவில்லை" என்று முடித்துவிடுவார்கள்.

எரேமியா 28-ஐயும் ஒரு தடவை வாசியுங்கள். இரண்டு வருஷத்துக்குள் பாபிலோனிலிருந்து எல்லாம் திரும்பி வந்துவிடும் என்று அனனியா "கர்த்தர் சொல்கிறார்" போட்டு ஆலயத்திலேயே அறிவிக்கிறான், பாபிலோனுக்கு அடங்கியிருங்கள் என்பதற்கு அடையாளமாக எரேமியாவின் கழுத்திலிருந்த நுகத்தைப் பிடுங்கி எல்லார் முன்னாலும் உடைக்கிறான். எரேமியா என்ன செய்தார் தெரியுமா? தன் வழியே போய்விட்டார். கர்த்தரிடமிருந்து அவருக்குப் பதில் வந்தது அதற்குப் பிறகுதான். நுகத்தை உடைத்தபோது உண்மையான தீர்க்கதரிசியே அந்த இடத்திலேயே சுடச்சுடப் பதில் சொல்லவில்லை என்னும்போது நீங்கள் எதற்கு ஞாயிற்றுக்கிழமைக்குள் முடிவெடுக்க வேண்டும்? அடுத்த அதிகாரத்தில்தான் புதுவருஷ வாக்குத்தத்த அட்டைகளில் நாம் அடிக்கடி பார்க்கும் 29:11 வருகிறது, "உங்கள்பேரில் நான் நினைத்திருக்கிற நினைவுகள்" என்று. அந்த அட்டையில் முந்தைய வசனம் இருக்காது: பாபிலோனில் 70 வருஷம் முடிந்த பிறகுதான் திரும்பி வருவீர்கள். வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், கல்யாணம் பண்ணுங்கள், விடுதலை சீக்கிரம் வந்துவிடும் என்று சொல்கிற தீர்க்கதரிசிகளிடம் ஏமாறாதீர்கள் என்று சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதின கடிதம் அது.

சரி, உங்கள் வேலைக்கு வருகிறேன். புதிய ஏற்பாட்டில் தனி மனிதருக்குச் சொல்லப்பட்ட தீர்க்கதரிசனம் என்றால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அப்போஸ்தலர் 21-ல் வரும் அகபு. பவுலின் கச்சையை (இடுப்பில் கட்டும் வாரை) எடுத்துத் தன் கைகால்களைக் கட்டிக்கொண்டு, எருசலேமில் இந்தக் கச்சைக்குரியவனை இப்படிக் கட்டுவார்கள் என்றார். என்ன நடக்கும் என்று சொன்னாரே தவிர, போ என்றோ போகாதே என்றோ அவர் சொல்லவில்லை. கூட இருந்தவர்கள்தான் அழுது தடுத்தார்கள். பவுல் போனார். கடைசியில் அவர்களும் கர்த்தருடைய சித்தம் ஆகட்டும் என்று அமைதியானார்கள். முடிவு பவுலின் கையிலேயே இருந்தது. மக்கெதோனியாவுக்கு வந்து உதவி செய்யும்படி ஒருவர் கூப்பிட்ட தரிசனத்திலும் (அப்போஸ்தலர் 16) பாருங்கள், தரிசனம் கண்டது பவுல், ஆனால் தேவன் அழைக்கிறார் என்று "நாங்கள்" நிச்சயித்துக்கொண்டோம் என்று பன்மையில் எழுதுகிறார் லூக்கா. போன இடத்தில் அடியும் தொழுமரமும் (கைதியின் கால்களை மாட்டிவைக்கும் கட்டை) கிடைத்தன, எனவே "கதவு திறந்தால் சித்தம், அடைபட்டால் சித்தமில்லை" என்ற கணக்கும் உதவாது. கண்ணை மூடி வேதத்தைத் திறந்து விரல் வைக்கிற பழக்கத்தைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை.

கல்யாணம் போன்ற பெரிய விஷயத்திலேயே, விதவைக்குத் தனக்கு இஷ்டமானவரை மணக்க விடுதலை உண்டு, கர்த்தருக்குட்பட்டவராக இருந்தால் போதும் என்கிறார் பவுல் (1 கொரி 7:39). அந்த அளவு சுதந்திரம் உங்கள் வேலை விஷயத்திலும் உண்டு என்றே நான் நினைக்கிறேன். ஊழியத்துக்குப் போக உங்களுக்கே முன்பிருந்து பாரம், அதாவது உள்ளத்தில் விடாத ஏக்கம், இருந்ததா? உங்கள் சபையில் நீங்கள் செய்கிற சின்னச் சின்ன வேலைகளைப் பார்த்து வேறு யாராவது இதைச் சொல்லியிருக்கிறார்களா? இல்லை, உங்கள் பேர்கூட முழுதாகத் தெரியாத ஒருவர் சொன்னது மட்டும்தானா?

அவர் சொன்னதை வார்த்தை மாறாமல் தேதி போட்டு எழுதி வையுங்கள். வீட்டில் சொல்லுங்கள், முக்கியமாக லோன் கட்டுவதில் பங்கு இருப்பவர்களிடம். அப்புறம் நீங்கள் வேலையை விட்டாலும் விடாவிட்டாலும் எந்த லாபமும் இல்லாத இரண்டு மூப்பர்களிடம் காட்டி, அந்த ஊழியர் அவர்கள் முன்னாலும் இதையே சொல்லத் தயாரா என்று கேளுங்கள். யாரிடமும் சொல்லாதே, தாமதித்தால் ஆசீர்வாதம் போய்விடும் என்று அவர் சொன்னால், அதற்கு மேல் இதில் யோசிக்க ஒன்றும் இல்லை, திங்கட்கிழமை வழக்கம்போல் வேலைக்குப் போங்கள்.