‘போல’வைத் தேடவிடாதீர்கள்: அணி கற்பித்தல் கேள்வி பதில்

ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை உவமை, உருவகம் முதலியவற்றைச் சொல்லிக்கொடுப்பது பற்றி வந்த கேள்விகளும் பதில்களும். ஒரே கேள்வி நாலு முறை வந்தால் நாலாவது பதில் சுருக்கமாகத்தான் இருக்கும்.

கேள்வி: ஆறாம் வகுப்புக்கு உவமையை எங்கிருந்து தொடங்கலாம்? உவமானம், உவமேயம், உவம உருபு என்று கரும்பலகையில் எழுதியதுமே பாதி வகுப்புக்குக் கொட்டாவி வந்துவிடுகிறது.

பதில்: வரத்தான் செய்யும். பெயர்களைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, இரண்டு பொருள்களுக்கும் எது பொது என்பதிலிருந்து தொடங்குங்கள். இதற்கு நல்ல கருவி தொல்காப்பியத்திலேயே இருக்கிறது. உவமை எதன் வழியாகப் பிறக்கும் என்பதற்கு உவமவியல் நான்கைச் சொல்கிறது: வினை, பயன், மெய், உரு. மெய் என்றால் வடிவம், உரு என்றால் நிறம். ‘புலி போலப் பாய்ந்தான்’ வினை. ‘மழை போலக் கொடுத்தான்’ பயன். ‘குடை போல விரிந்த மரம்’ மெய். ‘பவளம் போன்ற வாய்’ உரு.

பலகையில் இந்த நான்கு கட்டங்களை வரைந்து, தலைப்பில் ஒரே ஒரு பொருளை எழுதுங்கள். ‘நூல்’ என்று வைத்துக்கொள்வோம், தைக்கிற நூல். இருவர் இருவராகச் சேர்ந்து ஐந்து நிமிடத்தில் நான்கு கட்டத்தையும் நிரப்ப வேண்டும். நூல் என்ன செய்யும்? கோக்கும், சிக்கிக்கொள்ளும், அறுந்துபோகும். அதனால் என்ன பயன்? பிரிந்ததைச் சேர்க்கும். எப்படி இருக்கும்? மெல்லியதாக, நீளமாக. அதன் பிறகு, ‘இப்படியே இருக்கிற வேறு ஏதாவது சொல்லுங்கள்’ என்று கேளுங்கள். நட்பு, பேச்சு, எறும்பு வரிசை என்று அவர்களாகவே சொல்வார்கள்.

வழக்கமாகத் தவறுவது ஓர் இடத்தில்தான். கண்ணுக்கு எளிதில் தெரிவது நிறமும் வடிவமும் என்பதால் எல்லாரும் அந்த இரண்டு கட்டத்திலேயே நின்றுவிடுவார்கள். முதல் இரண்டு சுற்றுக்கு உருவையும் மெய்யையும் மூடிவிடுங்கள். வினையும் பயனும் மட்டும் திறந்திருக்கட்டும். எழுத்தில் உயிர் வருவது அங்கிருந்துதான்.

அடுத்த வகுப்பில் மூன்று கோடிட்ட இடம் கொடுங்கள்: ‘____ போல ____, ஏனென்றால் ____.’ மூன்றாவது கோட்டை முதலில் நிரப்பச் சொல்ல வேண்டும். முதல் கோட்டிலிருந்து தொடங்கும் பிள்ளை ‘நிலா போல முகம்’ என்று எழுதிவிட்டுக் காரணம் தேடும். காரணத்திலிருந்து தொடங்கும் பிள்ளைக்கு உவமை தானாக வரும்.

கேள்வி: நன்னூலில் உள்ள பன்னிரண்டு உவம உருபுகளையும் மனப்பாடம் செய்யவைக்கலாமா?

பதில்: வேண்டாம். போல, புரைய, ஒப்ப, உறழ என்று ஓடும் அந்தப் பட்டியலே ‘பிறவும்’ என்று திறந்துதான் முடிகிறது. எழுதுவதற்குப் போல, போன்ற, ஒத்த, நிகர் போதும். செய்யுள் படிக்கும்போது அன்ன, மான, கடுப்ப வந்தால் அந்த இடத்தில் சொல்லிக்கொடுத்தால் நிற்கும்.

பட்டியலை மனப்பாடம் செய்த பிள்ளை உருபு வேட்டைக்குக் கிளம்பிவிடும். ‘மழை வரும் போல இருக்கிறது’ ஊகம். ‘சொன்னது போலச் செய்தான்’ செய்த விதம். ‘அண்ணனைப் போலவே தம்பியும் உயரம்’ வெறும் ஒப்பீடு. இரண்டு பேருமே மனிதர்கள், அளவு நாடாவை வைத்தே முடித்துவிடலாம். மூன்றிலும் ‘போல’ உண்டு, மூன்றும் உவமையணி அல்ல. எதிர்ப்பக்கமும் உண்டு: ‘அகர முதல எழுத்தெல்லாம்’ குறளில் உருபே கிடையாது, ஆனால் அது எடுத்துக்காட்டு உவமையணி. ‘போல’ இருந்தால் உவமை என்று ஒருநாளும் சொல்லிக்கொடுக்காதீர்கள்.

கேள்வி: உவமைத்தொடர்களை எத்தனை தடவை சொன்னாலும் வாக்கியத்தில் தப்பாகவே எழுதுகிறார்கள். ‘பசுமரத்தாணி போல அவன் உறுதியாக நின்றான்’ என்று ஒருவன்.

பதில்: அவன் ஆணியைப் பார்த்திருக்கிறான், பசுமரத்தைப் பார்த்ததில்லை. பச்சை நிற மரம் என்றோ, அசையாத மரம் என்றோ நினைத்திருப்பான். ஈரம் காயாத மரத்தில் ஆணி சிரமமில்லாமல் இறங்கும். இளம் மனத்தில் பதிவதைச் சொல்லத்தான் அந்தத் தொடர். பொருளைச் சொல்வதற்கு முன் காட்சியைச் சொல்லுங்கள். இலவங்காய் பழுக்கும் என்று கிளி காத்திருக்கும். காய் முற்றி வெடித்ததும் பஞ்சு பறக்கும். அத்தியின் பூக்கள் காய் போன்ற உறைக்குள் ஒளிந்திருப்பதால் வெளியே தெரிவதில்லை, அதனால்தான் ‘அத்தி பூத்தாற்போல’. வாரத்துக்கு மூன்று தொடர் போதும். ஒவ்வொன்றுக்கும் முதலில் ஒரு கோட்டுப் படம், பிறகு வாக்கியம். படம் தப்பாக இருந்தால் வாக்கியமும் தப்பாகத்தான் வரும்; எங்கே தவறியது என்பது படத்திலேயே தெரிந்துவிடும்.

கேள்வி: வெண்பாவில் தளை தட்டாமல் எழுதப் பழக்குவது எப்படி?

பதில்: அது யாப்பு. யாப்பு தெரிந்தவரைக் கேளுங்கள்.

கேள்வி: மலர்முகம், முகமலர் இரண்டும் ஒன்றுதானே என்று எட்டாம் வகுப்பில் கேட்கிறார்கள்.

பதில்: ஒன்றல்ல. தமிழில் இப்படிச் சேர்ந்த சொல்லில் கடைசியில் நிற்பதுதான் தலை. மலர்முகம் ஒரு முகம். மலர் போன்ற முகம் என்று விரியும், எனவே உவமைத்தொகை. முகமலர் ஒரு மலர். முகத்தையே மலராக்கிவிட்டோம், எனவே உருவகம். வினைச்சொல் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். ‘மலர்முகம் சிரித்தது’ என்றால் முகத்துக்குரிய வினை. ‘முகமலர் வாடியது’ என்றால் மலருக்குரிய வினை. சொல்லட்டைகளைக் கையில் கொடுத்து இடம் மாற்றி வைக்கச் சொன்னால் பத்து நிமிட வேலை.

இதிலிருந்தே ஏகதேச உருவகத்துக்கும் போகலாம். ‘அறியாமை இருளை நூல் விளக்கால் நீக்கினான்’ முழு உருவகம். ‘விளக்கு’ என்ற அட்டையை எடுத்துவிட்டு, ‘அறியாமை இருளை நூலால் நீக்கினான்’ என்று வைத்தால் அறியாமை மட்டும் இருளாகிறது, நூல் நூலாகவே நிற்கிறது. அதுதான் ஏகதேச உருவகம்.

கேள்வி: ‘அவன் புலி’ உருவகம் என்று சொல்லிக்கொடுத்தேன். உவமையாகுபெயர் என்கிறார் சக ஆசிரியர். யார் சரி?

பதில்: நீங்கள். ‘புலி வந்தான்’ என்றிருந்தால் அவர் சரி. அங்கே ஆளின் பெயர் இல்லை. விலங்கின் பெயர் ஆளுக்கு ஆகிவருகிறது, ‘ஆன்’ விகுதி அதைக் காட்டிக்கொடுக்கிறது. ‘அவன் புலி’யில் பொருளும் உவமையும் எதிரெதிரே நின்று ஒன்றாகின்றன. உவமைக்கும் பொருளுக்கும் உள்ள வேற்றுமையை ஒழித்து ஒன்றாக்குவதுதான் உருவகம் என்பது தண்டியலங்காரம்.

அந்தச் சக ஆசிரியர்: ஒப்புக்கொள்ள முடியாது. ‘அவன் புலி’யில் பயனிலையாக நிற்கும் ‘புலி’ விலங்கையா குறிக்கிறது? வீரனைத்தானே? அப்படியானால் அதுவும் ஆகுபெயர்தான்.

பதில்: நல்ல மறுப்பு. ‘புலி’ ஏற்கெனவே ‘வீரன்’ ஆகிவிட்டது என்றால் ‘அவன் புலி’யும் ‘அவன் வீரன்’-உம் ஒன்றாக வேண்டும். தொடர்ந்து எழுதிப் பாருங்கள்: ‘அவன் புலி, பதுங்கினால்தான் பயம்.’ ‘வீரன்’ போட்டால் இரண்டாம் பாதி அந்தரத்தில் தொங்கும். பதுங்கல் எங்கிருந்து வந்தது? புலி இன்னும் புலியாக இருப்பதால்தான்.

சக ஆசிரியர்: ‘புலி பதுங்குகிறான்’ என்றும் எழுதலாமே. அங்கே என்ன சொல்வீர்கள்?

பதில்: அங்கே இரண்டும் இருக்கின்றன. ஆகுபெயர் என்பது ஒரு சொல் எதைக் குறிக்கிறது என்ற கணக்கு. அணி என்பது பொருளை எப்படி அழகாக்குகிறோம் என்ற கணக்கு. ஒரே தொடரை இரண்டு கணக்கிலும் எழுதலாம். நீங்கள் ஒரு கணக்கை வைத்து இன்னொன்றை அடிக்கிறீர்கள், என் மறுப்பு அவ்வளவுதான். தொல்காப்பியத்தில் உருவகத்துக்குத் தனி இயலே இல்லை, உவமத்துக்குள்தான் அதற்கு இடம். ஆகவே எல்லை எப்போதும் கூர்மையாக இருந்ததில்லை என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.

வேறொருவர்: இந்தச் சண்டையால் ஏழாம் வகுப்புக்கு என்ன பயன்?

பதில்: பெயர்ச் சண்டையால் ஒன்றுமில்லை, தேர்விலும் அதைக் கேட்காதீர்கள். ஆனால் ‘அடுத்த வாக்கியத்தை எழுது’ என்ற சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பிள்ளை ‘கோபம் ஒரு தீ’ என்று எழுதினால், தீயைவிட்டு விலகாமல் இன்னும் இரண்டு வாக்கியம் கேளுங்கள்: எது விறகு, யார் ஊதினார்கள், என்ன மிஞ்சியது? தொடர முடிந்தால் அது அவனுடைய உருவகம். முடியாவிட்டால் எங்கோ கேட்டதைத் திருப்பி எழுதியிருக்கிறான்.

கேள்வி: ‘நிலா சிரித்தது’ தற்குறிப்பேற்றமா?

பதில்: அல்ல. தற்குறிப்பேற்றத்தில் இயல்பாக நடக்கும் ஒன்றுக்குக் கவிஞர் தானாக ஒரு காரணத்தை ஏற்றிச் சொல்ல வேண்டும். இலைகள் உதிர்கின்றன, ‘நடப்பவர் கால் சுடக்கூடாதென்று மரம் இலை விரித்தது’ என்றால் தற்குறிப்பேற்றம். நிலா வெறுமனே சிரித்தால், மனிதச் செயலை ஏற்றியதோடு சரி.

கேள்வி: ‘மரம் தலையசைத்தது’?

பதில்: எதற்காக அசைத்தது என்று எழுதியிருக்கிறதா? இல்லையென்றால் மேலே நிலாவுக்குச் சொன்னதுதான்.

கேள்வி: ‘காற்று பாடியது’?

பதில்: நிலா.

கேள்வி: உயர்வு நவிற்சிக்கும் பொய்க்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கிறார்கள்.

பதில்: கேட்பவர் நம்பிவிட்டால் பொய். நம்பவே முடியாத அளவுக்குப் பெருக்கினால் உயர்வு நவிற்சி. ‘பை பத்துக் கிலோ’ ஏமாற்றலாம். ‘பைக்குள் மலையே இருக்கிறது’ யாரையும் ஏமாற்றாது.

கேள்வி: கட்டுரைகளில் வரிக்கு வரி உவமை. மதிப்பெண் கிடைக்கும் என்று திணிக்கிறார்கள். எப்படித் திருத்துவது?

பதில்: சிவப்பு மையால் அடிக்காதீர்கள். ஒவ்வோர் உவமையையும் அவர்களே பென்சிலால் அடைப்புக்குள் போட்டு, அதை விட்டுவிட்டு வாசிக்கட்டும். எதுவும் குறையவில்லையென்றால் நீக்க வேண்டும். ஒரு பத்திக்கு ஒன்றே என்று வரம்பு வையுங்கள். நிலா, தாமரை, தேன், மலர், சிங்கம் ஐந்துக்கும் ஒரு மாதம் விடுப்பு என்று பலகையின் ஓரத்தில் எழுதிவிடுங்கள். முதல் வாரம் முணுமுணுப்பு இருக்கும், சூரியகாந்தியும் சிறுத்தையும் படையெடுக்கும். அவற்றையும் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.

கேள்வி: ‘நீ சொல்வது போல் நடக்கிறேன்’ உவமைதானே? ‘போல்’ இருக்கிறதே?

பதில்: இரண்டாவது பதில். மறுபடியும் படியுங்கள்.