குரூஸர் பைக்குக்குக் கழற்றி மாட்டும் ஃபேரிங்: கேள்வி பதில்

கேள்வி: எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று விற்கிற ஃபேரிங்கை (பைக்கின் முன்னால் காற்றைத் தடுக்கும் கவசத்தை) நம்பி வாங்கலாமா?

பதில்: முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க் குழாயின் விட்டத்தை அளந்துவிட்டு வாங்குங்கள். 'எல்லா வண்டிக்கும்' என்பது விற்பவரின் வாக்கு, ஃபேரிங்கைக் குழாயில் பிடிக்கும் கிளாம்பின் வாக்கு அல்ல. 39, 41, 49 மி.மீ. என்று குழாய்கள் பலவிதம். வெர்னியர் காலிபர் இல்லையா? கிளாம்ப் உட்காரும் இடத்தில் ஒரு காகிதக் கீற்றை இறுகச் சுற்றி, முனைகள் சேரும் இடத்தில் கோடு போட்டு, விரித்து அளந்து 3.14 ஆல் வகுத்துவிடுங்கள். 129 மி.மீ. வந்தால் குழாய் 41.

கேள்வி: ஃபோர்க்கில் மாட்டுவது நல்லதா, வண்டிச் சட்டத்தில் (ஃபிரேமில்) மாட்டுவதா?

பதில்: 1969-இல் ஹார்லி-டேவிட்சன் எலக்ட்ரா கிளைடில் வந்த வௌவால் சிறகு ஃபேரிங் ஃபோர்க்கோடு சேர்ந்து திரும்பும். அமெரிக்க வடிவமைப்பாளர் கிரெய்க் வெட்டரின் விண்ட்ஜாமர் ஃபேரிங் சட்டத்தோடு அசையாமல் நிற்கும். ஹேண்டில்பாருக்குப் பாரமே இல்லை. ஆனால் நினைத்தபோது கழற்ற வேண்டும் என்றால் பெரும்பாலும் ஃபோர்க்தான் வழி. அப்படியானால் சிறியதாக, எடை குறைந்ததாக எடுங்கள். வேகம் இரு மடங்கானால் காற்றின் விசை நான்கு மடங்கு. அதைத் தாங்குவது உங்கள் கைகள்.

கேள்வி: ஃபேரிங் போட்ட பிறகுதான் ஹெல்மெட் அதிகம் உலுக்குகிறது. ஃபேரிங்கின் மேல் இன்னும் உயரமான காற்றுத் தடுப்புக் கண்ணாடி வாங்கட்டுமா?

பதில்: பொறுங்கள். எல்லோரும் முதலில் செய்கிற செலவு இதுதான், பல நேரம் வீண் செலவு. கண்ணாடிக்குப் பின்னால் அழுத்தம் குறைகிறது. அந்த இடத்தை நிரப்பக் காற்று சுழன்று வந்து தலையில் மோதுகிறது. டேங்குக்கும் ஃபோர்க்குக்கும் நடுவிலிருந்தும் மேலேறி வரும். முதலில் கண்ணாடியின் சாய்வைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிப் பாருங்கள். காற்றுத் துளை இருந்தால் திறந்துவிடுங்கள். பிறகு உயரத்துக்கு வாருங்கள்: வழக்கம்போல் அமர்ந்தால் மேல் விளிம்பு உங்கள் மூக்கு மட்டத்தில் இருக்கட்டும். சாலையை விளிம்புக்கு மேலாகப் பார்க்க வேண்டும். கண்ணாடி ஊடாகப் பார்ப்பவர்களுக்கு இரவு மழையில் எதிர்வண்டி விளக்கு ஒன்று பத்தாகத் தெரியும்.

கேள்வி: மாட்டி முடித்ததும் எதைச் சோதிப்பது?

பதில்: ஹேண்டில்பாரை இரு பக்கமும் முட்டும் வரை திருப்புங்கள். டேங்க், இண்டிகேட்டர், பிரேக் ஹோஸ் எதிலும் படக் கூடாது. பிறகு நியூட்ரலில் இன்ஜினை ஓடவிட்டு மறுபடி திருப்புங்கள். திருப்பும்போது இன்ஜின் சத்தம் ஏறினால் ஆக்ஸிலரேட்டர் கேபிள் இழுபடுகிறது. அப்படியே ஓட்டிச் செல்லாதீர்கள். ஃபோர்க் அமுங்கும்போது ஏறி வரும் கீழ்க்குழாய் கிளாம்பில் மோதாத இடைவெளியும் வேண்டும். ஹெட்லைட்டை அசைத்திருந்தால் அதன் மட்டத்தையும் சரிசெய்யுங்கள்.

கேள்வி: கடகடவென்ற சத்தம் வருகிறதே, போல்ட்டை இன்னும் முறுக்கலாமா?

பதில்: பிளாஸ்டிக் வெடிக்கும். ரப்பர் வாஷர் போடுங்கள். போல்ட் கழலாமலிருக்கத் தடவும் பசை பிளாஸ்டிக்கில் பட்டாலும் விரிசல் விடும்.

கேள்வி: வேகமெடுத்தால் முன்பக்கம் ஆடுகிறது.

பதில்: வேகத்தைக் குறைத்து, ஃபேரிங்கைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள். அப்போதும் ஆடினால் டயர் காற்றையும் ஸ்டீயரிங் பேரிங்கையும் பாருங்கள். ஆடவில்லை என்றால் ஃபேரிங் கோணலாக உட்கார்ந்திருக்கலாம், அல்லது உங்கள் வண்டிக்கு அது பெரியது.