கடிதம் கொடுக்கமுன் ஒப்பந்தத்தைக் கேளுங்கள்

திருகோணமலை நிலாவெளிப் பக்கமிருந்து ஒரு மீனவர் சங்கச் செயலாளர் எழுதியிருக்கிறார்: "எங்கட கரைவலைப் பாட்டுக்கு (கரையில் நின்று வலை இழுக்கிற இடத்துக்கு)ப் பக்கத்தில் அரச நிறுவனமொன்றும் தனியார் கம்பனியும் சேர்ந்து சுற்றுலாப் படகுத்துறை கட்டப் போகினமாம். 30 வருசக் குத்தகை. பேண்தகு அபிவிருத்தி என்று வடிவாகக் கதைக்கினம். சங்கத்திடம் 'ஆட்சேபனை இல்லை' என்று கடிதம் கேட்கினம். குடுக்கலாமோ ஐயா?"

இப்போதைக்குக் கொடுக்காதீர்கள். திட்டம் கூடாது என்பதல்ல, நல்லதாகவும் இருக்கலாம். ஆனால் கடிதம் கைமாறிய பிறகு உங்களுக்கு எதையும் விளக்கவேண்டிய அவசரம் யாருக்கும் இராது.

அரச–தனியார் பங்குடைமை என்றாலே "அது கம்பனி விசயம், காட்ட ஏலாது" என்று ஒரு பதில் தயாராக இருக்கும். நம்பாதீர்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி அந்த அரச நிறுவனத்திடம் ஒப்பந்தப் பிரதியைக் கேட்கலாம், ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லவும் தேவையில்லை, 14 வேலை நாட்களுக்குள் தருவார்களா மாட்டார்களா என்று முடிவு சொல்லவேண்டும். அரசுடன் ஒப்பந்தம் செய்து பொதுச் சேவை நடத்துகிற தனியார் நிறுவனமும், அந்தச் சேவை அளவுக்கு, இதே சட்டத்துக்குள் வருகிறது. வணிக இரகசியம் என்று சில பக்கங்களை மறைக்கலாம். அதைச் சாட்டி முழுக் கோப்பையும் பூட்டிவைக்க முடியாது.

கிடைத்தால் முதலில் எதைப் பார்ப்பது? இலாபக் கணக்கை விடுங்கள். கடற்கரையில் கம்பனிக்குத் தனி உரிமை எங்கிருந்து எங்குவரை, உல்லாசப் பயணிகள் வராமல் நட்டப்பட்டால் அது யார் தலையில் விழும், 30 வருசம் முடிய அந்தக் கட்டடம் யாருக்கு.

அப்புறம் துறையை எப்படிக் கட்டப் போகிறார்கள் என்பது. தூண்களில் நிற்கிற துறை என்றால் மணல் கீழால் நகர்ந்து போகும். கல்லைக் கொட்டிக் கடலுக்குள் நீட்டினால் ஒரு பக்கம் மணல் சேரும், மற்றப் பக்கம் கரை அரிக்கும், உங்கள் பாடு எந்தப் பக்கம் என்பதுதான் கேள்வி. தூணோ கல்லோ, வலை வளைக்கிற இடத்துக்குள் வந்தால் வலை கிழியும், இது நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

கரையிலிருந்து உள்ளே 300 மீற்றர், கடலுக்குள் 2 கிலோமீற்றர் கரையோர வலயம். அதற்குள் கட்டுவதற்குக் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை கேட்கப்பட்டிருந்தால் அதைப் பொதுமக்கள் பார்த்துக் கருத்துச் சொல்ல 30 நாள் உண்டு. பத்திரிகை அறிவித்தலைத் தவறவிட்டால் அந்த நாட்களும் போய்விடும், ஆகையால் திணைக்களத்திடம் இப்போதே எழுத்தில் கேட்டு வையுங்கள்.

"ஒப்பந்தம் முதலில், ஆய்வு பிறகு" என்று சொன்னால் எப்பாவலவில் பொஸ்பேற் தோண்டும் திட்டம் பற்றிய வழக்கை ஞாபகப்படுத்துங்கள். அரசும் வெளிநாட்டுக் கம்பனியும் செய்யவிருந்த அந்த ஒப்பந்தத்தை எதிர்த்து ஊர் விவசாயிகளும் ஒரு பிக்குவும் நீதிமன்றம் போனார்கள். முறையான ஆய்வு முடிந்து சுற்றாடல் அனுமதி கிடைக்கும்வரை கையெழுத்திட வேண்டாம் என்று உயர் நீதிமன்றம் 2000ஆம் ஆண்டில் சொன்னது. இயற்கை வளம் மக்களுக்காக அரசு காத்து வைத்திருப்பது என்ற கொள்கையும் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது.

வழக்கு கடைசி வழி, செலவும் கூட. ஆனால் அடிப்படை உரிமை மனுவுக்கு ஒரு மாதம்தான் காலம் என்பதால், சங்கக் கூட்ட அறிக்கை, அனுப்பிய கடிதங்களின் பிரதி, பதிவுத் தபால் துண்டு எல்லாவற்றையும் திகதி வாரியாக ஒரு கோப்பில் போட்டு வையுங்கள்.