பரோலோ வெளிறிப்போய்த் துவர்க்கிறது: கெட்டுவிட்டதா?

சின்னத் தயாரிப்பாளர் ஒருவரிடம் வாங்கிய பரோலோவை (இத்தாலியச் சிவப்பு ஒயின்) திறந்து, பாதி குடித்துவிட்டு இப்படிக் கேட்டிருக்கிறீர்கள். கெட்டிருக்க வாய்ப்பு குறைவு. நீங்கள் குறையாகச் சொல்லும் வெளிறிய செங்கல் நிறம், நாக்கை இழுக்கும் துவர்ப்பு இரண்டுமே 2019 அறுவடைப் பரோலோவின் இயல்புதான். சீக்கிரம் திறந்துவிட்டீர்கள், அவ்வளவே.

பரோலோ செய்யும் நெப்பியோலோ திராட்சையில் நிறம் கம்மி, துவர்ப்பு தரும் டானின் அதிகம். போதாக்குறைக்கு, நீங்கள் வாங்கியது பழைய முறையை விடாத சின்னத் தயாரிப்பாளரிடம். இவர்கள் சாற்றைத் தோலோடு ஒரு மாதம்கூட ஊறவிடுவார்கள். பிறகு ஆயிரக்கணக்கான லிட்டர் பிடிக்கும் பெரிய பீப்பாய். 225 லிட்டர் புதுப் பீப்பாய் தரும் வனிலா வாசம் வந்து துவர்ப்பை மூடாது. சட்டப்படி பரோலோ 38 மாதம் முதிர வேண்டும், அதில் 18 மாதம் மரத்தில். விற்க அது போதும். குடிக்கப் போதாது என்பது என் கட்சி.

மிச்சம் வைத்திருக்கும் பாதி பாட்டிலில் இதைப் பாருங்கள்:

1. முதலில் முகருங்கள். நனைந்த அட்டைப்பெட்டி வாடை அடித்தால் கார்க் கோளாறு, அதாவது கார்க் மூடியிலிருந்து ஒயினில் ஏறிய கெட்ட வாடை.

2. இல்லையென்றால் அகன்ற ஜாடியில் ஊற்றி நாலைந்து மணி நேரம் விடுங்கள். காய்ந்த ரோஜா, தார் வாசனை மெல்ல எழும். வெறும் வாயில் குடிக்காதீர்கள். கொழுப்புள்ள மாட்டிறைச்சியோ முதிர்ந்த சீஸோ பக்கத்தில் இருக்கட்டும். துவர்ப்பு பாதியாக அடங்கும்.

ஒரு விஷயம், கார்க் கோளாறு காற்றாட வைத்தால் போகாது. கொட்டிவிடாமல் கடையில் மாற்றிக் கேளுங்கள்.

அப்புறம், அதே தயாரிப்பாளரிடம் லாங்கே நெப்பியோலோ என்ற ஒயின் இருந்தால் அடுத்து அதை வாங்குங்கள். அதே திராட்சை, விலை குறைவு, இளசாகவே குடிக்கலாம்.