ஜான்சனின் பத்து நாட்கள்

அன்புள்ள ஐயா,

‘லிங்கனுக்குப் பிறகு கறுப்பின மக்களுக்கு அதிகம் செய்த அமெரிக்க அதிபர் லிண்டன் ஜான்சன்தான்’ என்று சென்ற வாரம் ஒரு பதிலில் எழுதியிருந்தீர்கள். கென்னடி தொடங்கியதை இவர் முடித்துவைத்தார், அவ்வளவுதானே? வியட்நாமில் குண்டு மழை பொழிந்தவரும் இவரே. ஒரு கையால் கொடுத்து, மறு கையால் கொன்றவரை உங்களால் எப்படிப் பாராட்ட முடிகிறது?

எஸ்., நியூஜெர்சி

அன்புள்ள எஸ்.,

கென்னடி விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். அவர் சுடப்பட்டபோது, இனப் பாகுபாட்டைத் தடைசெய்யும் சிவில் உரிமை மசோதா காங்கிரஸில் முடங்கிக் கிடந்தது. பேசிப் பேசியே மசோதாவைச் சாகடிப்பதில் தெற்கத்திய செனட்டர்கள் கைதேர்ந்தவர்கள். 1964 ஜூன் 10 அன்று 71-க்கு 29 வாக்குகளில் அந்தப் பேச்சுக்குப் பூட்டு விழுந்தது. எதிர்க்கட்சித் தலைவர் டர்க்சனை விடாதே என்று, மசோதாவைச் செனட்டில் முன்னெடுத்த ஹம்ப்ரியை விரட்டிக்கொண்டே இருந்தவர் ஜான்சன். செனட்டின் சந்துபொந்தெல்லாம் அத்துப்படியான டெக்சாஸ்காரர் அவர். கென்னடிக்கு அது கைவராது.

உங்கள் இரண்டு கைகளுக்கு வருகிறேன். நானும் வெகுகாலம் அப்படித்தான் நினைத்திருந்தேன். 1965 ஜூலைக் கடைசியைப் பாருங்கள். 28-ஆம் தேதி, வியட்நாமில் படைபலம் 75,000-லிருந்து 1,25,000 ஆக உயரும் என்று அறிவிக்கிறார். நாடே டிவி முன் உட்காரும் மாலையில் அல்ல, நண்பகல் பத்திரிகையாளர் சந்திப்பில். ரிசர்வ் படையை அழைக்கவில்லை, வரியை உயர்த்தவில்லை. 30-ஆம் தேதி மிசௌரிக்குப் போய், முன்னாள் அதிபர் ட்ரூமனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் சட்டத்தில் கையெழுத்து. ஆகஸ்ட் 6, கறுப்பின மக்களின் ஓட்டைக் காக்கும் வாக்குரிமைச் சட்டம். பத்து நாட்கள்! போர் என்று உரக்கச் சொன்னால் சீர்திருத்தங்களுக்குக் காங்கிரஸ் பணப்பையை மூடிவிடும் என்று பயந்தார். வியட்நாமை விட்டுவிட்டால், சீனா கம்யூனிஸ்டுகள் கைக்குப் போனபோது ‘சீனாவைப் பறிகொடுத்தவர்’ என்று ட்ரூமனைக் கிழித்தது போலத் தன்னையும் கிழிப்பார்கள் என்றும் பயந்தார். சட்டங்களைக் காப்பாற்ற அவர் போட்ட கணக்கில் போரும் ஒரு வரி. எழுதியது ஒரே கைதான்.

இது மன்னிப்பல்ல. 1964 மே மாதம் தன் ஆலோசகர் பண்டியுடன் பேசிய தொலைபேசிப் பதிவு இருக்கிறது. வியட்நாம் சண்டையிடத் தகுந்த இடமல்ல, ஆனால் வெளியே வரவும் முடியாது என்கிறார். ஆகஸ்டில், வியட்நாமில் படையை ஏவ அதிபருக்கு அதிகாரம் கொடுத்த டோங்கின் வளைகுடாத் தீர்மானம். செனட்டில் எதிர்த்தவர்கள் இரண்டே பேர். தெரியாமல் இறங்கியவரென்றால் எனக்குக் கோபம் குறைந்திருக்கும்.

இன்னொன்றும் உண்டு. இருபது வயதில் அவர் டெக்சாஸின் கொடுல்லா என்ற ஊரில் மெக்சிகோ வம்சாவளிக் குழந்தைகளுக்கு வாத்தியார். பலர் காலையில் சாப்பிடாமல் வருவார்கள். 1965 மார்ச் 15 அன்று காங்கிரஸில் வாக்குரிமை கேட்டுப் பேசியபோது அந்தப் பசியைச் சொன்னார். அது நடிப்பில்லை என்றே நம்புகிறேன். அதற்கு ஒரு வாரம் முன்புதான் வியட்நாமின் டானாங் கடற்கரையில் அமெரிக்க மரைன்கள் இறங்கியிருந்தார்கள்.

(நியூஜெர்சியிலிருந்து எழுதுகிறீர்கள். அதே ஆண்டு அக்டோபர் 3 அன்று சுதந்திர தேவி சிலையடியில் அவர் கையெழுத்திட்ட குடியேற்றச் சட்டத்துக்கு முன்பு, இந்தியாவுக்கான ஒதுக்கீடு ஆண்டுக்கு 100 பேர்.)

அந்த வாக்கியத்தைத் திரும்பப் பெறப்போவதில்லை. ஆனால் அந்தப் பதிலில் வியட்நாம் என்ற சொல்லே வராமல் போனது என் பிழை. சுட்டிக்காட்டியதற்கு நன்றி.